அவதானக் கலையும் மனத்தின் ஒருமையும்

சதாவதானியர் ஒரே வேளையில் நூறு செயல்களில் மனத்தைச் செலுத்தினர் என்பது நம்மிடை வழிவழியாக வழங்கும் கூற்று. புகழுரையாக இது பொருந்தும். வரலாற்றுரையாகக் கொள்ளுங்கால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஒரு மனம் ஒரே கணத்தில் நூறு பொருள்களைப் பற்றவல்லதாயின், அவதானியின் மன அமைப்பே ஏனையோரின் வேறாதல் வேண்டும். அங்ஙனமாயின் அக்கலை பயின்று பெறத்தக்கதாகாது. பிறவியில் வாய்த்த அற்புதமாகிவிடும். அற்புதத்தைப் போற்றலாம், ஆராய்தற்கு இடமில்லை. ஆகவே அவதான அவையில் மனம் உண்மையில் என்ன செய்தது என்பதை அவ்வவையின் நடைமுறையினின்றே ஈண்டு ஆராய்வாம்.

அவதானம் என்னும் வடசொல் ஒன்றை ஓரிடத்து வைத்தல் என்னும் அடிப்படைப் பொருளினின்று மனத்தை ஒன்றன்மேல் இருத்துதல் என்னும் பொருளைப் பெற்றது. ஈழத் தமிழர் 'அவதானமாகப் போ' என்று பேச்சிலும் இப்பொருளில் வழங்குவர். தமிழகப் பேச்சு வழக்கிலோ அச்சொல் பெரிதும் அருகி, கலையின் பெயராகவே எஞ்சியது. கவனகம் என்பது அதற்குப் பின்னர் அமைந்த தமிழாக்கம். எட்டு, பத்து, பதினாறு, நூறு என்னும் எண்ணளவால் அட்டாவதானம், தசாவதானம், சோடசாவதானம், சதாவதானம் எனப் பெயர்கள் பல்கின. எண் பலவாயினும் சொல் குறிப்பது மனத்தை இருத்துதலாகிய ஒரு செயலையே என்பது கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்கலை தமிழகத்தில் பெருஞ்சிறப்புற்றது. விநோதரசமஞ்சரி இயற்றிய வீராசாமிச் செட்டியார் 'அட்டாவதானம்' என்னும் அடையுடனேயே அறியப்பட்டார். நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அச்சு நூல் பெருகி, நூலை நெஞ்சில் தாங்க வேண்டிய தேவை குறைந்துவந்த காலத்தில், நினைவாற்றல் மேடையேறிற்று. திண்ணைப் பள்ளியில் இயல்பாயிருந்த ஒன்று அருமையுற்றபோதே காட்சிப் பொருளாயிற்று என நாம் கருதுகின்றோம்.

இனி அவையின் அமைப்பைக் காண்போம். வினவுவோர் பலர் அமர்ந்திருப்பர். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பார். எளிய ஈற்றடி கொடுத்தார் என ஒருவரையும் எவரும் புகழக் காணோம். ஒருவர் ஒரு தொடரின் எழுத்துக்களை முறைமாற்றி, அவ்வப்போது ஒவ்வொன்றாகத் தருவார். ஒருவர் கணக்குக் கொடுப்பார்; ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். இடையிடையே மணி ஒலிக்கும். முதுகில் சிறு கல்லோ மலரோ வந்து விழும். இறுதியில் அவதானி பாட்டை முடித்துச் சொல்லி, எழுத்துக்களை முறைப்படுத்தி, மணியும் கல்லும் இத்துணை எனக் கூறல் வேண்டும்.

இவற்றுள் வினாக்கள் ஒரே கணத்தில் வருவனவல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வருவன. ஒரு பாட்டின் ஓரடியைச் சொல்லிப் பிறிதொன்றற்குச் சென்று, சுற்று முடிந்தபின் மீண்டு, விட்ட இடத்தைப் பற்றுதலே அவதானியின் தொழில். மணியும் கல்லுமே உண்மையில் பிற செயல்களோடு உடன் நிகழ்வன.

இவ்வுடனிகழ்ச்சி இயலுமாறு என்னை? பிரெஞ்சு அறிஞர் போலான் 1887இல் தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக் கண்ட செய்தியொன்றை வில்லியம் சேம்சு 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் எடுத்துரைத்தார். ஒரு பேரெண்ணை இரண்டாற் பெருக்குதற்கு 6 விநாடி. மனப்பாடமான நான்கு அடிகளை ஒப்பித்தற்கும் 6 விநாடி. இரண்டையும் சேர்த்துச் செய்தபோதும் 6 விநாடியே ஆயிற்று. எளியனவும் வேறுவேறு இயல்பினவுமாகிய செயல்களே இவ்வாறு இணங்கும்; ஓரினச் செயல்கள் ஒன்றையொன்று தடுக்கும். ஒருங்கே இரண்டு புதுப் பாட்டு இயற்றுதல் இதனின் முற்றிலும் வேறு. 1953இல் காலின் செர்ரி என்பார் செவிக்கு ஒன்றாக இரு வேறு உரைகளைக் கேட்பித்து, ஒன்றனை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மற்றைச் செவியில் வந்த உரையின் பொருளைக் கேட்டோரால் கூற இயலவில்லை; ஆயின் ஆண்குரல் பெண்குரலாக மாறியதையும், சொல்லற்ற தனியொலி எழுந்ததையும் உணர்ந்தனர். அவதான அவையில் பாட்டின் நடுவே புகுத்தப்படுவது சொல்லன்று, மணியொலி, செவியன்று, முதுகு. கவனம் பிறிதோரிடத்து நிற்பினும் வாயிலைக் கடந்து வரத்தக்கவற்றையே மரபு தேர்ந்திருக்கின்றது. எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டி நிறுத்துதல் பயிற்சியின் பாற்படும்.

பாட்டை நிறுத்தி மீண்டும் தொடர்தற்கு யாப்பே துணை. நான்கடி வெண்பாவிற்குச் சீர் 15. அவை தொடர்பற்ற 15 சொற்களாயின் இடையீட்டில் சிதறும். ஈற்றடி முன்னரே நிற்கின்றது. எதுகை அடிதோறும் இரண்டாம் எழுத்தைக் கட்டுகின்றது. தளை அடுத்த சீரின் தொடக்கத்தை வரையறுக்கின்றது. கற்போர்க்குத் தடையாகத் தோன்றும் இவ்விதிகள் அவதானிக்கு மீண்டு வரும் வழியைக் காட்டும் அடையாளங்கள்.

இம் மீட்சியின் அருமையை நம் இலக்கணிகள் முன்னரே அறிந்திருந்தனர். பவணந்தியாரின் நன்னூற் பொதுப்பாயிரம் தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவையும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் உவமை கூறும். ஓரிடத்தில் தழை நிறைந்திருப்பினும் அங்கு நில்லாது செடிதோறும் சென்று மேய்வது ஆடு. மிகுந்த புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடுவது ஆ என்பது உரைவிளக்கம். அவதானியின் புறச்செயல் ஆட்டின் செயலையே ஒத்தது. ஓரடி பாடி மறு வினாவிற்குத் தாவுகின்றார். அகத்தே நிகழ்வதோ ஆவின் செயல். ஒருமை என்பது ஒன்றன்மேல் அசையாது நிற்றல் மட்டுமாயின் இவ்விரண்டும் ஒருவரிடத்துக் கூடுதல் எவ்வாறு? மேலும் ஆசிரியன் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டவனும் காற்கூறே பெறுவான். உடன் பயில்வாரால் மற்றொரு காலும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய பாதியும் பெறுவான் என்று அந்நூல் வகுக்கின்றது. முதற் கேள்விக்குக் கால். மீண்டும் மீண்டும் எடுத்தாளுதற்கு முக்கால்.

தெலுங்கு அட்டாவதானத்தில் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். ஆண்டு நான்கு சுற்றுக்களில் சுற்றுக்கு ஓரடியாகப் பாடல்கள் வளர, இறுதியில் 'தாரணம்' என்னும் பகுதியில் அனைத்தையும் முழுமையாக ஒப்பித்தல் மரபு. வினவுவோர் எண்மருள் ஒருவர்க்குப் பாட்டோடு தொடர்பில்லாத பேச்சை இடையிட்டுப் பேசுவதே வேலை. அதற்கு அப்ரஸ்துத பிரசங்கம் என்று பெயர். அவர்க்கு மறுமொழி கூறாது வாளாவிருத்தல் அவதானிக்கு இழுக்கு. நகைச்சுவைபட விடையிறுத்து, அடுத்தவர் கேட்ட பாட்டில் தாம் விட்ட அடிக்கு அவர் திரும்புதல் வேண்டும்.