ஏலத்தின் காவலும் மடுவத்துத் தராசும்

கினிகத்தேனைச் சரிவுகளில் கொழுந்து பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிற்றுடைமையாளருக்கு என்ன விலை என்பது கொழும்பில்தான் தீர்மானமாகிறது. தொழிற்சாலையின் தேயிலை ஏலத்தில் பெறும் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. அதனால் 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்கின் நடுவே, அந்த ஏலம் கூடத்தை விட்டுக் கணினித் திரைக்குப் போனது அட்டன் வீதியோரத்தில் வாழ்பவர்களுக்கு எங்கோ நடந்த செய்தி அல்ல. 1883 ஜூலை 30 அன்று சமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வாய்விட்டுக் கேட்டு நடந்த வியாபாரம், கூடம் மூடிய சில வாரங்களுக்குள் எப்படி இணையத்துக்கு மாறியது? மென்பொருள் செய்தவர்களின் திறமை என்று சொன்னால் பாதிதான் உண்மை. மின்வணிகம் கேட்கும் பாதுகாப்புச் சோதனைகளைத் தேயிலை வியாபாரம் காகிதத்திலேயே எப்போதோ செய்து பழகியிருந்தது.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் தோட்டத்தின் மார்க், இன்வொய்ஸ் இலக்கம், பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம், மூட்டைக் கணக்கு, எடை எல்லாம் உண்டு. மாதிரி முதலில் தரகரிடம் போகும். அவர் உலர்ந்த தூளைக் கையில் உருட்டிப் பார்ப்பார். கொதிநீரில் ஊறிய இலையின் நிறத்தைப் பார்ப்பார். சாயத்தை ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புவார். வாங்குபவர்களும் தங்கள் அறைகளில் அதே மாதிரியை அப்படியே சுவைத்து, பட்டியலின் ஓரத்தில் தமக்கு உகந்த விலையைக் குறித்துக்கொள்வார்கள். ஏலம் கேட்கப் பதிவுள்ளவர்களுக்கு மட்டுமே உரிமை. பணம் செலுத்தினால்தான் சரக்கு வெளியேறும். கூடத்து ஏல நேரத்தில் யாரும் மூட்டையைப் பிரித்ததில்லை, சில நொடிகளில் சுத்தியல் விழுந்துவிட்டது. சோதனை கூடினால் வேகம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. இங்கே நடந்தது நேர்மாறு: சோதனை முன்கூட்டியே முடிந்திருந்ததால்தான் அந்த வேகம் வந்தது.

திரையில் வாசம் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஏலக் கூடத்திலும் வாசத்தைப் பார்த்து யாரும் விலை கேட்டதில்லை. நாக்கின் வேலை முன்பே முடிந்துவிட்டது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கூடத்தில் யார் கேட்கிறார், யார் பின்வாங்குகிறார் என்பதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள்; அந்தப் பார்வையே ஒரு காவலாக இருந்தது. திரையில் அது போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கூடத்தில் கண்டது நினைவில் மட்டுமே தங்கும். கணினியில் ஒவ்வொரு ஏலக் கேள்வியும் நேரத்தோடு பதிவாகிறது, பிறகு எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் சண்டை நடக்க வேண்டும்.

பதிவு யார் கையில் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டால் மலைக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. விற்பவரையும் வாங்குபவரையும் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காக்க இத்தனை ஏற்பாடு செய்த வியாபாரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அதில் எதையும் கொண்டுவரவில்லை. அங்கே சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் தண்ணீருக்கு ஒரு கழிவு. கினிகத்தேனை போல மழை கொட்டும் ஊரில் எத்தனை நாள் அந்தக் கழிவு விழும் என்று பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு கழிப்பது என்பதை நிறுப்பவரே சொல்கிறார். கொழுந்து சுமந்து வந்தவரின் கையில் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரியும் இல்லை, பட்டியலும் இல்லை. அவசரத்தில் ஒவ்வொரு சாக்கையும் அளந்து எழுத நேரமில்லை என்பது தொழிற்சாலைப் பக்கத்து நியாயம். வாடிய கொழுந்து கெட்டுப்போகும், லொறி காத்திருக்காது என்பதெல்லாம் உண்மைதான். ஆயிரக்கணக்கான தொகுதிகளுக்கு மாதிரி எடுத்து, இலக்கமிட்டு, கொழும்பு முழுதும் அனுப்பத் தெரிந்த தொழிலுக்கு, மொத்த எடை, கழித்த எடை, கழித்ததன் காரணம் மூன்றையும் ஒரு துண்டில் அச்சிட்டு அங்கேயே கையில் கொடுப்பது முடியாத காரியம் என்று சொன்னால் ஏற்க முடியாது.