உறையூர்த் தறி



திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாய் இன்று விளங்கும் உறையூர், சோழர் தலைநகராய் இருந்த நாளிலேயே துணிக்குப் பெயர் பெற்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது.

ஆயினும் நான் சொல்ல வந்தது பழம்பெருமையன்று. 1952ஆம் ஆண்டின் நெருக்கடியைப் பற்றியே.

என் பாட்டனார் உறையூரில் குழித்தறியில் நெய்தவர். விடியலில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். அவ்வாண்டில் ஆலைத்துணி மலிவாய்க் குவிந்தது. கைத்தறிச் சேலைகள் கூட்டுறவுச் சங்கங்களிலும் நெசவாளர் வீடுகளிலும் தேங்கின. பாட்டனார் மூட்டையைத் தோளிலிட்டுக் காவிரிப் பாலம் கடந்து, திருவரங்கத்துச் சித்திரை வீதியில் வீடுவீடாய்ச் சென்றாராம். “சேலை அழகாகத்தான் இருக்கிறது, பெரியவரே, விலைதான் கட்டவில்லை” என்பார்களாம். கொண்டுபோன மூட்டை அப்படியே திரும்பி வரும். “பாவுக்குக் காய்ச்சிய கஞ்சியையே பிள்ளைகளுக்கும் ஊற்றினோம்” என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

அந்நாளில் சென்னை மாநில முதலமைச்சராயிருந்தவர் இராஜாஜி. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று அவர் மத்திய அரசை வற்புறுத்தினார். அரசியலில் அவருக்கு எதிரணியில் நின்ற அறிஞர் அண்ணா, 1953 ஜனவரியில் இதே திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து கூவி விற்றார். அவர் கழகத்தார் பிற ஊர்களிலும் அவ்வாறே விற்றனர். இவர்களுள் யார் செய்தது பெரிது என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. தெருவில் விற்ற துணியால் தேக்கம் முழுதும் தீர்ந்துவிடாது. ஆனால் நெசவாளியின் மூட்டையைத் தலைவர் ஒருவர் சுமந்தது, கூனிப்போன என் பாட்டனாரை நிமிரச் செய்தது. சட்டமோ மெல்ல வந்தது. 1953இல் ஆலைத்துணிக்குக் கெஜத்துக்குக் காலணா வரி விதித்து, அதனைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்கென ஒதுக்கினார்கள். கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் 1985இல்தான் நிறைவேறியது. முதலில் 22 வகைகள். பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன.

எங்கள் வீட்டுத் தறி அதுவரை காத்திருக்கவில்லை. 1974இல் என் தந்தையார் நாடாவையும் அச்சையும் பரணில் ஏற்றிவிட்டு, மளிகைக்கடையில் கணக்கெழுதச் சென்றார். தறிக்குழியை மண்ணிட்டு மூடினார்கள். அவ்விடத்தில் போட்ட மேசையிலிருந்து படித்துத்தான் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். மழைக்காலத்தில் அந்த மண் சற்றே அமுங்கும். மேசையின் ஒரு காலுக்கு ஓட்டுத்துண்டு வைத்துச் சரிசெய்வேன்.