கைசர்-இ-ஹிந்த்: ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெயரும் ஊரும்

ஓர் உயிரினத்தின் பெயரையும், அது கிடைத்த இடத்தைக் குறிக்கும் சீட்டையும் வரலாற்று ஆவணங்களாகவே வாசிக்க வேண்டும். இதற்குக் கைசர்-இ-ஹிந்த் என்னும் இமயமலை வண்ணத்துப்பூச்சி நல்ல சான்று.

1843இல் ஆங்கிலேயப் பாதிரியாரும் பூச்சியியலாளருமான ஃபிரடெரிக் வில்லியம் ஹோப் இதற்கு டெய்னோபால்பஸ் இம்பீரியாலிஸ் எனப் பெயரிட்டார். 'பேரரசுக்குரியது' என்பது இரண்டாம் சொல்லின் பொருள். விக்டோரியா இந்தியப் பேரரசியாகத் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டதோ 1877 ஜனவரி 1 அன்றுதான். அப்பட்டத்தின் உருது வடிவமே கைசர்-இ-ஹிந்த். அதுவே இப்பூச்சிக்கும் வழங்கலாயிற்று. ஆகவே அறிவியற்பெயர் பட்டத்திற்கு 34 ஆண்டுகள் முந்தியது; வழக்குப்பெயர் பட்டத்தைத் தழுவியது. இரண்டையும் ஒரே காலத்து அரசியலின் விளைவாகக் கொள்வது பிழை.

இடப்பெயரும் ஆராயத்தக்கது. ஹோப் குறித்த ஊர் சில்ஹெட். இன்றைய வங்கதேசத்தின் சமவெளி நகரம். இப்பூச்சியோ ஏறத்தாழ 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்து மலைக்காடுகளில் வாழ்வது. சில்ஹெட் அந்நாளில் காசி மலைகளின் வாணிக வாயிலாக இருந்தது. மலையில் பிடிபட்டவை வாயிலின் பெயரோடு கடல்கடந்தன. பிடித்தவர்களை அறிவியற்பெயரும் நினைவுகூரவில்லை, வழக்குப்பெயரும் நினைவுகூரவில்லை.

நேபாளம், சிக்கிம், பூடான், அருணாசலம் தொடங்கி வட மியான்மர், தென் சீனம், வட வியட்நாம் வரை இதன் வாழிடம் பரந்துள்ளது. சிறககலம் 90 முதல் 120 மில்லிமீட்டர். ஆணின் உடலும் சிறகும் பச்சைச் செதில்களால் மூடியவை. பின்சிறகில் பொன்மஞ்சள் திட்டு விளங்கும். பெண் அளவில் பெரியது. அத்திட்டு அதற்குச் சாம்பல் நிறம். காலை வெயிலில் ஆண்கள் மலையுச்சி மரங்களில் அமர்ந்து, நெருங்கும் பிற ஆண்களைத் துரத்தும். பெண், நம் செண்பகத்தின் இனமான மக்னோலியா மரத்தின் இலையில் முட்டையிடும். பச்சைப் புழுவும் பச்சைக் கூட்டுப்புழுவும் இலைகளோடு இலையாக மறைந்து வளரும். அம்மரங்கள் வெட்டப்பட்டால் இவ்வாழ்க்கைச் சுழற்சி அறுந்துவிடும். பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் மட்டும் இதனைக் காக்காது.

பிரித்தானிய அரசர் இந்தியப் பேரரசர் பட்டத்தை 1948இல் துறந்தார். 2021இல் அருணாசலப் பிரதேச அமைச்சரவை இப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக ஏற்றது. பெயர் மட்டும் மாறவில்லை. பெயரை மாற்றுவதா என்பதைவிட, அருங்காட்சியகச் சீட்டில் 'சில்ஹெட்' என்று காணும்போது, அதன் பின்னுள்ள மலையையும் மக்களையும் தேடுகிறோமா என்பதே ஆய்வு மாணவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.