முதுகெலும்பை எண்ணிப் பார்த்தவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதுகுவலிப் பேச்சு வராமல் போகாது. அந்த முதுகெலும்பைச் சரியாக எழுதிவைக்க ஐரோப்பாவில் ஒரு குருவும் சீடனும் சண்டையிட்ட கதை உண்டு.

முதலில் கணக்கு. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. இந்த 24-ம் தனித்தனியே அசைபவை. அதற்குக் கீழே 5 எலும்புகள் ஒன்றாக ஒட்டி முக்கோணமாக நிற்கும். பிரெஞ்சு வகுப்பில் இதை 'சக்ரோம்' என்று படித்தோம். லத்தீனில் 'புனித எலும்பு' என்று பொருள். கடைசியில் வால் எலும்பு, பெரும்பாலும் 4 துண்டு. ஆக மொத்தம் 33.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கலேன், அந்தப் புனித எலும்பு 3 துண்டு என்று எழுதினார். அன்று மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. அவர் அறுத்தவை பெரும்பாலும் குரங்குகளும் பன்றிகளும்தான். பின்வந்தவர்களோ, பழைய கோப்பின் குறிப்பைப் பார்த்தே புதிய குறிப்பு எழுதும் குமாஸ்தாக்களைப் போல, சுமார் 1,300 ஆண்டுகள் அவரையே நகலெடுத்தார்கள்.

பிரஸ்ஸல்ஸில் 1514-ல் பிறந்த வெசாலியுஸ் பாரிஸில் படித்தார். அங்கே இன்னொசான் கல்லறையில் குவிந்து கிடந்த எலும்புகளைப் பொறுக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே எது எந்த எலும்பு என்று சொல்லப் பழகினார். கலேனின் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையிலும் உதவியவர் அவர். கலேனைக் கரைத்துக் குடித்தவர் என்பதால்தான் பிழை எங்கே என்றும் அவருக்குத் தெரிந்தது. 1543-ல் பாசல் நகரில் அச்சான தம் பெரிய நூலில், கலேன் சொன்னது மனிதனுக்குப் பொருந்தாது, அது குரங்கின் உடல் என்று படத்தோடு காட்டினார்.

பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியுஸுக்குப் பொறுக்கவில்லை. கலேன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதாடினார்! 1551-ல் சீடனின் பெயரைத் திரித்துப் 'பைத்தியக்காரன்' என்று பொருள்படப் புத்தகமே போட்டார்.

பெரியவர்கள் சொன்னதை மதிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எலும்பு கையில் இருக்கும்போது எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. 1543-ல் வெசாலியுஸ் கோத்துக் கொடுத்த ஒரு எலும்புக்கூடு பாசல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.