நால்குரலும் நம் ஆலயங்களும்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பழைய தேவாலயமொன்றில் சேர்ந்திசைக் கச்சேரி என்றால் பாக்கும் ஹாண்டலும் தவறாமல் வருவார்கள். ஆங்கிலப் பாமாலைகள் வரும், கிறிஸ்துமஸை ஒட்டி கேரல் வரும். தமிழுக்கு இடம் கிடைத்தால் அது கடைசிப் பாட்டாக, விருந்தினர் மரியாதையோடு கிடைக்கும். இந்த இசை ஆங்கிலேயரோடு மலாயாவில் இறங்கியது, தமிழர் பிறகு எட்டிப்பிடித்தார்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் சரியல்ல.

1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். செபாஸ்டியன் பாக்குக்கு அப்போது வயது 21. ஆர்ன்ஷ்டாட் என்ற சிற்றூரின் கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். சீகன்பால்கு படித்த ஹாலே நகரமே ஹாண்டல் பிறந்த ஊர். தரங்கம்பாடி மிஷனரிமார் லுத்தரன் பாமாலைகளைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டு மாறாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் சென்னை வேப்பேரியில் பபிரிசியுஸ் அந்தப் பணியைப் பெருக்கினார். லுத்தரன் சபைகளில் இன்றும் ஞானப்பாட்டு என்று வழங்குவது இந்த மரபுதான். பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ 1727இல் லைப்சிக்கில் முதன்முதலாக ஒலித்தது. அதன் உயிர்நாடியான கோரல் என்ற லுத்தரன் பாமாலை மெட்டு வகையைக் காவிரிக் கடைமடைப் பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டு முன்பே பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மரபில் வந்தவர்கள் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924இல் உருவானபோது அவர்களுடைய பாட்டுக்கு இங்கே ஒரு கூரை கிடைத்தது. ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அமெரிக்க மிஷன் பள்ளிகளின் பாமாலைகளைக் கொண்டுவந்தார்கள். ஆக, பிரிக்பீல்ட்ஸில் நால்குரலில், அதாவது நான்கு குரல்களை அடுக்கி, பாட வரும் குழு புதிய இசை எதையும் அங்கே கொண்டுபோவதில்லை. பழைய உறவினர் வீட்டுக்குத்தான் போகிறது.

இதன் பக்கத்திலேயே ஓடும் இன்னோர் ஆறு கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) சரபோஜி மன்னரும் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர்கள். சாஸ்திரியாரின் பாடல்களையும் சேர்த்து மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பு, ராகமும் தாளமும் கொண்ட பாட்டைச் சபைதோறும் கொண்டுசேர்த்தது. கீர்த்தனைக்கு நால்குரல் சட்டை போடும் ஆசை இப்போது பல குழுக்களுக்கு இருக்கிறது. சங்கராபரணத்தில் அது ஓரளவு பொருந்தும். மேற்கத்திய மேஜர் அளவையின் சுரங்களே அதற்கும். தோடியில் பொருந்தாது. அசைந்துகொண்டே இருக்கும் காந்தாரத்தின் மேல் மூன்று குரல்களை அடுக்கினால் காந்தாரம் உறைந்துபோகும், ராகமும் போய்விடும். அத்தகைய கீர்த்தனையைச் சுருதி மட்டும் வைத்து ஒரே குரலாகப் பாடுவதே மரியாதை. இரு இசைகளையும் கற்று ‘கருணாமிர்த சாகரம்’ (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதரை நம் பாடகர் குழுக்கள் இன்னும் ஆழ்ந்து படிக்க வேண்டும்.

கட்டடமும் பாடுகிறது. மெர்டேக்கா சதுக்கத்தருகே ஏ. சி. நார்மன் வடிவமைத்த செயின்ட் மேரிஸ் பேராலயம் 1895இல் பிரதிஷ்டையானது. லண்டன் செயின்ட் பால்ஸுக்கு ஆர்கன் செய்த ஹென்றி வில்லிஸின் ஆர்கன் அதற்கும் வந்தது. அதே ஆண்டுதான் ஹார்வர்டில் வாலஸ் சபின் என்ற இயற்பியலாளர், ஓர் அறையில் எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கத் தொடங்கினார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல்: அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. நம் ஊர் ஆலயங்களோ காற்றுக்காக ஜன்னலும் கதவும் வைத்துக் கட்டப்பட்டவை. திறந்துவைத்தால் பாட்டு தெருவுக்குப் போகும், தெரு உள்ளே வரும். அடைத்துக் குளிரூட்டியை ஓடவிட்டால் எதிரொலி கூடும், மெல்லிய இடங்களை இயந்திரத்தின் இரைச்சல் தின்னும். பாட்டு முடியும்வரை குளிரூட்டியை நிறுத்திவைக்கச் சொல்லும் நடத்துநரே என் கட்சி.

இப்படிப்பட்ட கூடத்துக்குத் தமிழ் மிகவும் ஏற்றது. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் சொற்கள் வல்லொலியில் முடியும். முப்பது பேர் அதை ஒரே கணத்தில் வெட்டாவிட்டால் சுவரெங்கும் பொரியும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரிலோ ம், ன், ல், ள் போன்ற ஒற்றிலோ அடங்கும். ஆனால் ஓர் ஆபத்து உண்டு. ஜெர்மன் மெட்டின் நீண்ட சுரம் குற்றியலுகரத்தின் மேல் விழுந்தால் ‘அன்பு’ என்பது ‘அன்பூ’ ஆகிவிடும். முந்தைய அசையை நீட்டி, உகரத்தை உதடு குவியாமல் தொட்டு விட வேண்டும். தமிழ் அறியாத சீன, கடசான் பாடகர்களும் இதைப் பழகிக்கொள்ள முடியும்; சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயம் தெங்கு கிளானா சாலையில், லிட்டில் இந்தியாவின் நடுவே நிற்கிறது. அங்கே ஒரு மாலைக் கச்சேரி ஞானப்பாட்டில் தொடங்கட்டும். முதலில் மெட்டை மட்டும் தமிழில், ஒரே குரலாக. உடனே அதே மெட்டுக்குப் பாக் அமைத்த நால்குரல். இடைவேளைக்குப் பின் கீர்த்தனை. ஞானப்பாட்டுகளை மனப்பாடமாகப் பாடும் முதியவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் முன் நடத்துநர்கள் அவர்களை வீட்டில் போய்ப் பார்த்து, பாடக் கேட்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும்.