பெயருக்கு அப்புறம்

டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். சரி, அப்புறம்? வீட்டுக்கு வந்த பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி இதுதான். இதற்குப் பதில் தேடிய வரலாறு பெரும்பாலும் டாக்டர்களுடையது அல்ல, பெற்றோர்களுடையது.

1866-இல், இங்கிலாந்தின் எர்ல்ஸ்வுட் காப்பகத்தில் மருத்துவராக இருந்த ஜான் லாங்டன் டவுன், அங்கிருந்த சில குழந்தைகள் உடன்பிறந்தவர்கள் போல ஒரே ஜாடையில் இருப்பதைக் கவனித்து எழுதினார். கவனித்தது சரி, வைத்த பெயர்தான் மோசம். முகத்தைப் பார்த்து 'மங்கோலியர்' என்று இனப்பெயரை ஒட்டினார். மருத்துவ நூல்களில் அதுவே நிலைத்தது. 1961-இல் 19 நிபுணர்கள் 'லான்செட்' இதழில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 1965-இல் மங்கோலியாவே கேட்டுக்கொண்ட பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது. இதற்கெல்லாம் முன்பே, டவுன் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 1905-இல் பிறந்த அவருடைய பேரனுக்கும் அதே நிலை இருந்தது.

காரணம் தெரிந்தது 1959-இல். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்று பாரிஸில் லெஜூன், கோத்தியே, டுர்ப்பான் மூவரும் அறிவித்தார்கள். கிரகணத்தன்று வெளியே போனதும் காரணமில்லை, போன ஜென்மத்துப் பாவமும் காரணமில்லை. தாயின் மேல் சுமத்திய பழி அறிவியல்படி அன்றோடு தீர்ந்தது. ஆனால் குழந்தைக்கு எப்போது கழுத்து நிற்கும், எப்படிப் பேச வைப்பது என்பதைக் குரோமோசோம் சொல்லாது.

அதைச் சொன்னவர்கள் இதே பாதையில் முன்னால் நடந்த பெற்றோர்கள். 1960களின் தொடக்கத்தில் சிகாகோவில் கே மெக்கீ என்ற தாய் மற்ற பெற்றோர்களைத் திரட்டினார். 1970-இல் பர்மிங்ஹாமில் ரெக்ஸ் பிரிங்க்வொர்த் என்ற தந்தை ஒரு சங்கம் தொடங்கினார். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன், தன் மகளுக்காகத் தேடித் தேடிக் கற்றதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள, அது தமிழ்நாட்டுச் சங்கமாகவும் பிறகு தேசியக் கூட்டமைப்பாகவும் வளர்ந்தது. 1989-இல் சென்னையில் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், குழந்தையோடு தாயும் வந்து பயிற்சி பெறும் முறையைக் கொண்டுவந்தது. பயிற்சி மையத்தோடு முடியாமல் வீட்டிலும் தொடர வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு.

அரசு பிறகு வந்தது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோர்களை ராத்திரி தூங்கவிடாத "எனக்கப்புறம் யாரு பாத்துக்குவா?" என்ற கேள்வியைக் கையில் எடுத்தது. 18 வயதுக்குப் பிறகும் தேவைப்பட்டால் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு மாவட்டந்தோறும் வேண்டும் என்றது. அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு கண்டறிந்தால், மாவட்டத்தின் ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இதயப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது முக்கியம். இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் நின்று பார்த்தால்? சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லுக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். மடியில் குழந்தை, போனால் ஒருநாள் கூலி போச்சு. தக்காளிக்கும் முருங்கைக்கும் கேரளாவில் என்ன விலை என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும் மார்க்கெட் ஊர் அது. ஆனால் சுமார் ஆயிரம் பிறப்புகளில் ஒன்று என்றால், இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பம் நாலு தெரு தள்ளி இருக்கலாம், பத்து கிராமம் தள்ளியும் இருக்கலாம். ஒருவருக்கொருவர் தெரியாது.

சிகாகோவிலும் சென்னையிலும் முதலில் செய்தது இந்த இரண்டு வீடுகளைச் சேர்த்து வைத்ததுதான். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். திண்டுக்கல் மையத்துக்கு வருகிற தாயிடம், "உங்க பக்கத்து ஊர்ல இன்னொரு அம்மா இருக்காங்க, உங்க நம்பரை அவங்ககிட்ட கொடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் போதும். அந்த ஒரு கேள்வி இன்னும் எந்தத் திட்டத்திலும் ஒருத்தருடைய வேலையாக எழுதப்படவில்லை என்றால், அதைக் கேட்கிற வேலையை நாமே எடுத்துக்கொள்ளலாம்.