தொழுநோய்ப் பூச்சுச் சாயமேற்றல், செங்கல்பட்டு

தோலில் சிறு கீறலிட்டுச் சுரண்டியெடுத்த திசுச்சாற்றை ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதிலுள்ள தொழுநோய்க் கிருமிகளைச் சாயத்தால் புலப்படுத்தும் ஆய்வுமுறை இது. தமிழகத்தில் இம்முறையோடு நெருங்கிய தொடர்புடைய இடம் செங்கல்பட்டை அடுத்த திருமணி. அங்கு 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொடங்கப்பட்ட தொழுநோய் இல்லம், 1955-இல் மத்திய அரசின் பொறுப்பில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் ராபர்ட் காக்ரேன் அங்குப் பணியாற்றினார்.

நார்வேயின் ஹான்சன் 1873-இல் கண்ட கிருமிக்கு 1879-இல் சாயமேற்றிக் காட்டியவர் நைசர். கண்டுபிடிப்பின் உரிமை குறித்து இருவருக்கும் எழுந்த பூசலில், முதன்மையை ஹான்சனுக்கு அளிப்பதே பெருவழக்கு. 1882-83-இல் ஸீல், நீல்சன் ஆகியோர் செப்பம் செய்த முறையே இன்றளவும் அடிப்படையாகும். மெழுகுத்தன்மை கொண்ட கிருமிச் சுவருக்குள் எளிதில் புகாத கார்பால் ஃபுக்சின் என்னும் செஞ்சாயம், சூட்டின் துணையால் உட்புகுந்தபின் அமிலம் பட்டாலும் வெளியேறுவதில்லை. சுற்றியுள்ள உயிரணுக்களோ சிவப்பை இழந்து மெத்திலீன் நீலத்தை ஏற்கின்றன. இதனாலேயே இவ்வகைக் கிருமிகள் அமிலந்தாங்கிகள் எனப்படுகின்றன.

சூட்டு முறையில் கைப்பக்குவம் பெரிதும் தேவைப்படும். காதுமடலையோ தடிப்பு கண்ட தோலையோ இரத்தம் விலகி வெளிறும்வரை விரல்களால் இறுகப் பிடித்து, சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்திற்குக் கீறி, கத்தியின் அலகைத் திருப்பி உட்புறத்தைச் சுரண்ட வேண்டும். பூச்சை உலர்த்திச் சுடரில் காட்டிப் பதியவைத்தபின், மேலே ஊற்றிய சாயத்தைச் சாராய விளக்கால் ஆவி எழும்வரை மட்டுமே சூடேற்றுவர். கொதிக்கவிட்டாலோ வற்றவிட்டாலோ சாயத்துகள்கள் படிந்து, கிருமிகளைப் போலத் தோன்றி ஏமாற்றும்.

கின்யூன் 1915-இல் வெளியிட்ட குளிர்முறை, சாயத்திலுள்ள ஃபீனாலின் செறிவைக் கூட்டி விளக்கைத் தவிர்த்தது. டான் தியாம் ஹோக் 1962-இல் இதனோடு, அமிலமும் நீலச்சாயமும் கலந்த காபெட் கரைசலைச் சேர்த்து, வேலையை இரண்டே படிகளாகச் சுருக்கினார். ஆயினும் குளிர்முறை அனைத்தும் விரைவுமுறை ஆகிவிடாது: சூட்டு முறையில் சாயம் 5 நிமிடம் நின்றால் போதும் என்னும் கையேடுகளே, சூடின்றிச் செய்யும்போது 20 நிமிடம் கேட்கின்றன. தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமியைவிட அமிலத்திற்கு எளிதில் இணங்கிவிடுவதால், குளிர்முறையில் எண்ணிக்கை குறைந்து தெரியுமோ என்ற ஐயம் ஒரு சாராரிடம் உண்டு. சாயம் நன்கு தயாரிக்கப்பட்டால் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று என்பர் மற்றையோர்.

இந்த ஐயம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கிருமிகளைக் கணக்கிடும் முறைகளே காட்டுகின்றன. திருமணி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய தர்மேந்திராவின் பெயரால் வழங்கும் அளவுகோல் நான்கு கூட்டல் குறிவரை செல்ல, ரிட்லியின் அளவுகோல் ஆறுவரை செல்கிறது; பின்னதில் நூறு நுண்ணோக்கிப் புலங்களில் 1 முதல் 10 கிருமிகள் தென்பட்டால் ஒரு குறி, ஒரே புலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டால் ஆறு குறிகள். முழுதாகச் சிவந்த கோல்களே உயிருள்ளவை என்று கொள்ளும் உருவக் குறியீட்டில், அமிலத்தால் மிகையாக நிறம் நீங்கிய பூச்சு மருந்து வேலை செய்ததாகப் பொய்யுரைக்கக்கூடும்.

1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பின்னர்த் தோலில் கண்ட நோய்த்திட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டே நோயை வகைப்படுத்தும் வழக்கம் பரவியதால், களப்பணியில் பூச்சுப் பரிசோதனை அருகி, நோய் மீண்டதாக ஐயுறும் நேர்வுகளுக்கும் சிறப்பு மையங்களுக்கும் உரியதாகச் சுருங்கியது.